களத்துக்கும் அடுப்புக்கும் இடையே

உலகத்துக்கு உணவளிக்கும் தொழிலைச் செய்பவர்களே உணவுக்கு ஏங்கி நிற்கிறார்கள் என்பது, கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், கணக்கினால் நிலைநாட்டப்பட்ட உண்மை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆயிரமாண்டுத் திட்டத்துக்காகப் பசியைப் பற்றி ஆராய்ந்த அறிஞர் குழு, உலகில் பசித்திருப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் சிறு நிலம் வைத்துப் பயிரிடும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்றும், மேலும் ஐந்தில் ஒரு பங்கினர் நிலமற்ற கிராமத்துக் கூலிகள் என்றும் 2005ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டால், 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலவுடைமைகளில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் ஓர் உடைமையின் சராசரிப் பரப்பு முக்கால் ஹெக்டேர்தான். இவ்வளவு சிறிய நிலத்தை நம்பியிருக்கும் குடும்பம் மழை பொய்த்தாலும், விலை சரிந்தாலும், வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் முதலில் குறைத்துக்கொள்வது தன் ஆகாரத்தையே.

இந்தத் துன்பத்துக்குப் பரிகாரம் தேடியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே நோக்கினார்கள். விளைச்சல் பெருகினால் குடும்பம் தானே உய்யும் என்ற கொள்கையிலிருந்து உயர் விளைச்சல் விதையும் இரசாயன உரமும் பயிர்க்கடனும் பிறந்தன. விளைச்சல் எவ்வாறாயினும் தானியம் மலிவாகக் கிடைத்தால் பட்டினி நீங்கும் என்ற கொள்கையிலிருந்து ரேஷன் கடையும், அதற்குச் சட்டத்தின் பலத்தைத் தந்த 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. இரண்டும் பெரும் நன்மை செய்தவை. அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றியன்று. ஆயினும் வயலுக்கும் கடைக்கும் நடுவில், ஆராய்ச்சியாளரும் அதிகாரிகளும் அதிகம் எட்டிப் பாராத ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. கதிர் களத்துக்கு வந்த பிறகு அது சோறாக அடுப்பில் ஏறும் வரையில் நடக்கும் உலர்த்தல், குத்தல், புடைத்தல், விதைக்கென ஒதுக்கி வைத்தல், சேமித்தல், மிஞ்சியதை விற்றல் ஆகிய இத்தனையும் அந்த இடைவெளியில் அடங்கும். இவ்வேலைகளில் பெரும்பகுதி பெண்களுடையது, கூலியில்லாதது, ஆதலால் எந்தக் கணக்கிலும் ஏறாதது. ஓர் ஏழைக் குடும்பம் எந்தப் பயிரை வைத்துக்கொள்ளும், எதைக் கைவிடும் என்பதைப் பல சமயங்களில் தீர்மானிப்பது இந்த இடைவெளியே என்பதுதான் இக்கட்டுரையின் துணிபு. அதற்குக் கொல்லிமலையைச் சான்றாகக் கொள்வோம்.

மலையும் தானியமும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலையென்று சங்கப் புலவர்களால் பாடப்பெற்ற இதற்கு, இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மேலே வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பழைய பெயர் மாறாத 14 நாடுகள் இருக்கின்றன. இக்காலத்து ஊராட்சிகளும் அந்த நாடுகளின் பெயரையே தாங்கியிருக்கின்றன. ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட அம்மலையில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு இப்பெயருக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களிடையே பரம்பரையாக வழங்கிவரும் கதை. பேசும் மொழி தமிழ்.

அங்குள்ள நிலம் ஒரே தன்மையுடையதன்று. ஊற்று நீர் தேங்கும் பள்ளங்களில் நெல் விளைகிறது; மேட்டுக்காடுகளிலும் சரிவுகளிலும் மழையை மட்டும் நம்பிச் சாமையும் கேழ்வரகும் தினையும் பனிவரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்தன. 'சாமை' என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை அம்மக்கள் பலவாகப் பிரித்தறிவார்கள்: மல்லியசாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலசாமை, சடஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்று. கேழ்வரகிலும் சட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, காரைக் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்று வகைகள் உண்டு. இவை அலங்காரத்துக்காக வைத்த பெயர்கள் அல்ல. ஒன்று முன்னே முதிரும், ஒன்று பின்னே முதிரும். ஒன்று மெலிந்த மண்ணைப் பொறுக்கும், மற்றொன்று ஓரளவு வளத்தை வேண்டும். பல வகைகளைக் கையில் வைத்திருந்த குடும்பம், மழை எவ்வாறு பெய்தாலும் ஏதேனும் ஒன்று கைகொடுக்கும் என்ற உறுதியோடு விதைத்தது. சாமையோடும் கேழ்வரகோடும் அவரையையும் துவரையையும் கடுகையும் கலந்து தெளித்து, சோற்றுக்கும் குழம்புக்கும் ஒரே காட்டில் வழிசெய்துகொண்டது. அறுவடையானதும் மூங்கிலால் பின்னி மண்ணும் சாணமும் பூசிய 'தொம்பை'யில் தானியத்தைக் கொட்டி வைப்பார்கள். நன்றாக உலர்த்தப்பட்ட சாமையும் கேழ்வரகும் பூச்சி அரிக்காமல் ஆண்டுக் கணக்கில் கிடக்கும் இயல்புடையவையாதலால், தொம்பையே அக்குடும்பத்தின் சேமிப்பாகவும் காப்பீடாகவும் இருந்தது.

கிழங்கு வந்த வழி

இத்தகைய ஏற்பாட்டை அம்மக்கள் ஏன் கைவிட்டார்கள்? அறியாமையினால் என்று சொல்பவர்கள் விவசாயியின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சு மாவும் வருவது தடைப்பட்டதனால் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை மூலப்பொருளாகக் கொண்ட சேகோ ஆலைகள் தோன்றின. நாளடைவில் அவை நூற்றுக்கணக்காகப் பெருகி, 1981ஆம் ஆண்டில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனத்தின் கீழ் விற்பனைக்கு ஓர் ஒழுங்கும் ஏற்பட்டது. ஆலைகளின் தேவை சமவெளியைத் தாண்டி மலை மீதும் ஏறியது. பாதை உண்டாயிற்று, லாரி வந்தது, கிழங்கை வாங்குவதற்கு ஆள் வந்தார். நட்டுவிட்டால் அதிகக் கவனிப்பில்லாமல் பத்துப் பதினொரு மாதத்தில் முதிர்ந்து, மொத்தமாகக் கையில் பணம் தரும் பயிரை, சிறு செலவுக்கும் கடன்பட வேண்டியிருந்த ஒரு மலைக் குடியானவன் நாடியதில் வியப்பில்லை. பிள்ளைகளின் படிப்பும், ஓட்டு வீடும், மருத்துவச் செலவும் அப்பணத்திலிருந்தே வந்தன என்பதை மறைத்துவிட்டு மரவள்ளியைப் பழிப்பது நியாயமாகாது.

ஆனால் அந்தப் பணத்துக்குள் ஓர் அடிமைத்தனமும் இருந்தது. ஆலைக்குச் செல்லும் கிழங்கின் விலையை அதன் எடை மட்டும் நிர்ணயிப்பதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தைப் 'பாயின்ட்' என்று அளந்து, ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று விலை கட்டுவார்கள். பாயின்ட்டை அளக்கும் கருவி வாங்குபவர் பக்கத்தில் இருக்கிறது. அன்றைய ஜவ்வரிசி விலை என்னவென்பதும் அவருக்கே தெரியும். பறித்த கிழங்கோ இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது; ஆகையால் விலை பிடிக்கவில்லையென்று திரும்பக் கொண்டுபோவதற்கு வழியில்லை. முன்பணம் பெற்றவருக்கோ வேறு வியாபாரியை நாடும் சுதந்திரமும் இல்லை. இவற்றோடு, ஒரே பயிரில் நிலம் முழுவதும் ஒடுங்கியதன் அபாயம் அண்மையில் பிரத்தியட்சமாயிற்று: 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி பல காடுகளை நாசம் செய்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022ஆம் ஆண்டில் இங்கே பரப்பிய பின்னரே அதற்கு ஒரு தடை ஏற்பட்டது. தொம்பையில் தானியம் உள்ள குடும்பம் இத்தகைய வருஷத்தைக் கடந்துவிடும்; கிழங்கை விற்று அரிசி வாங்கும் குடும்பத்துக்கு அந்தத் தாங்கல் இல்லை.

கிழங்கோடு ஏறத்தாழ ஒரே காலத்தில் ரேஷன் அரிசியும் மலையேறியது. தமிழ்நாட்டில் வருமான வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களுக்கும் அட்டை உண்டு. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து அரிசி விலையில்லாமலே வழங்கப்படுகிறது. பட்டினியைத் தடுப்பதில் அதற்கு நிகரான சாதனம் நம் நாட்டில் வேறில்லை. எனினும் வயிறு நிறைவதும் உடல் தேறுவதும் ஒன்றல்ல. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்க, தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராமை ஒட்டியே நிற்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் காட்டுகிறது. இதற்கு உணவு மட்டுமே காரணமல்ல. ஆயினும் தானியமும் பருப்பும் கீரையும் ஒரே காட்டிலிருந்து வந்த தட்டு, வெள்ளைச் சோறு மட்டும் குவிந்த தட்டாக மாறியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டென்பதை மறுக்க இயலாது.

உரலும் உலக்கையும்

பணப்பயிரின் கவர்ச்சியும் அரிசியின் மலிவும் சாமையின் வீழ்ச்சிக்குப் போதிய காரணங்களாகத் தோன்றும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பெண்களைக் கேட்டாலன்றி அறிய முடியாது. சாமை மணி மிகச் சிறியது. வழவழப்பான கெட்டி உமி அதை இறுகப் பற்றியிருக்கும். அதை அரிசியாக்க, முதலில் வெயிலில் நன்றாகக் காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும்; சற்றுக் குத்தியதும் அள்ளிச் சுளகில் இட்டுப் புடைத்து உமியைப் போக்க வேண்டும்; உமி நீங்காத மணிகளைக் கொழித்துப் பிரித்து மறுபடி உரலில் இட வேண்டும்; இப்படி மூன்று நான்கு முறை நடந்த பின்னும், களத்து மண்ணும் பொடிக்கல்லும் அரிசியின் அளவிலேயே இருப்பதால், நீரில் அரித்தெடுத்தால்தான் உலையில் போடலாம். குத்து மிகுந்தால் குருணையாகும். குறைந்தால் உமி தொண்டையில் அறுக்கும். காட்டில் களையெடுத்துவிட்டு, விறகும் தண்ணீரும் சுமந்து வந்த ஒரு பெண், மறுநாள் சோற்றுக்காக இவ்வளவையும் இரவிலோ விடியலிலோ செய்தாக வேண்டும். கடையில் ரேஷன் அரிசி குத்தாமலே கிடைக்கும்போது அவள் உலக்கையைச் சாத்திவைத்ததைப் பாரம்பரியத்தின் மீது அன்பற்ற செயலென்று யார் சொல்ல முடியும்?

இவ்விளக்கம் வெறும் அநுமானமன்று என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கேழ்வரகு சாமையைப்போல் உமி இறுகிய தானியமல்ல. கதிரை அடித்துத் தூற்றினாலே மேல்தோல் உதிர்ந்துவிடும். அப்படியே திரிகையிலோ மாவு மில்லிலோ அரைக்கலாம். சாமை, தினை, வரகு முதலியவற்றுக்கு இந்த வசதி இல்லை. அரிசி மலிந்ததும், பணப்பயிர் பரவியதும், நாகரிகத்தின் பெயரால் பழைய உணவு இழிவாக எண்ணப்பட்டதும் இரு வகைக்கும் பொதுவான இடையூறுகளே. அவ்வாறிருக்க, 1950களின் நடுப்பகுதியிலிருந்து இன்றுவரை இந்தியாவில் கேழ்வரகின் சாகுபடிப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்க, சாமை முதலிய சிறுதானியங்களின் பரப்போ ஐம்பது லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த நிலையிலிருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வீழ்ச்சியின் வேகத்தில் காணும் இவ்வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஆயினும் உமியைப் போக்கும் உழைப்பை விட்டுவிட்டு அதை விளக்குவது அரிது.

இயந்திரமும் விதையும்

எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் 1988ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றத் தொடங்கியபோது, மறைந்துவரும் வகைகளைத் திரட்டிக் காப்பாற்றுவதே முதல் நோக்கமாக இருந்தது. விதையைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காப்பாற்றலாம். ஆனால் அதை உண்பவர் இல்லாதபோது விதைப்பவரும் இல்லாமற்போவார். இந்த உண்மை தெளிந்ததும், ஊருக்கு ஊர் விதை வங்கி, விதையை மிச்சப்படுத்தும் வரிசை நடவு, மகளிர் குழுக்கள், சிறுதானிய மாவும் பலகாரமும் செய்து விற்கும் பயிற்சி என்று பணி விரிந்தது. 2001ஆம் ஆண்டிலிருந்து பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. விதை வங்கியின் விதி எளியது: விதைப்புக் காலத்தில் ஒருவர் வாங்கிச் சென்ற விதையை, அறுவடையானதும் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். பணம் புழங்காத அக்கணக்கில் விதையில்லாத ஏழைக்கும் இடமுண்டு. விதை ஆண்டுதோறும் மண்ணைக் கண்டு புதுப்பிக்கப்படுவதும் உண்டு.

ஆயினும் நிலைமையை மாற்றிய வல்லமை, கிராமத்துக்குள்ளேயே வைக்கப்பட்டு மகளிர் குழுக்களால் நடத்தப்பட்ட உமி நீக்கும் சிறு இயந்திரங்களுக்கே உரியது என்று சொல்லத் தோன்றுகிறது. அரை நாள் உழைப்பு சில நிமிஷங்களில் முடிகிறது என்றதும், சாமையை விதைப்பதா வேண்டாமா என்ற கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. எனினும் இயந்திரம் தன்னால் இயங்குவதில்லை. நெல்லுக்கு அமைந்த ஆலையில் சாமை மணி நழுவிப்போகும். சாமைக்கு அமைத்ததில் தினை நொறுங்கும். குடும்பத்துக்கு நான்கு படியாகக் கொண்டுவரும் சிறு அளவுகளைத் தனித்தனியே அரைத்துத் தருவதற்கு மில்காரருக்குக் கட்டுப்படியாகாது. மின்சாரம் நின்றால் நிற்கும். ஒரு உதிரிப் பாகம் பழுதானால் மலையிறங்கிச் சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். அறுவடைப் பருவத்தில் ஓய்வில்லாமலும் மற்ற மாதங்களில் வேலையில்லாமலும் இருக்கும் இயந்திரத்தின் செலவை யார் தாங்குவது என்பதும் ஒரு கேள்வி. இயந்திரத்தைக் கொடுப்பது ஒரு நாள் விழா. அதை நடத்திக்கொண்டிருப்பதே நிர்வாகம்.

விலையும் வயிறும்

இங்கே நுட்பமான ஓர் அபாயத்தையும் குறிப்பிட வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்கு முன்பிருந்தே, நகரத்தில் சர்க்கரை நோயாளிகளும் உடல்நலத்தில் நாட்டமுள்ளவர்களும் சாமை அரிசியைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். விலை உயர்ந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் உயர்ந்த விலை, தொம்பையிலிருந்த தானியத்தையும் சந்தைக்கு இழுத்துவிடக் கூடும். அவ்வாறு நேர்ந்தால் மலைவாசி சாமையை விற்று ரேஷன் அரிசியை உண்பார், நகரவாசி தவிடெல்லாம் தீட்டப்பட்டு வெளுத்துப்போன சாமையை உண்பார். இருவருக்கும் அத்தானியத்தின் முழுச் சத்தும் கிடைக்காது. வருமானமும் உணவுப் பாதுகாப்பும் ஒன்றையொன்று தாங்குபவையானாலும் ஒன்றே அல்ல. அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட பஞ்சத்தைப் பற்றிய நூலில் நிலைநாட்டியபடி, தானியம் இருப்பது வேறு, அதைப் பெறும் உரிமை மனிதனுக்கு இருப்பது வேறு. விளைவிக்கிற குடும்பத்துக்குத் தன் விளைச்சலில் எவ்வளவை நிறுத்திக்கொள்ள முடிகிறது என்பது அவ்வுரிமையின் ஒரு பகுதியே.

இப்பிரச்சினைக்குத் தெலுங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் ஒரு விடை காணப்பட்டது. 1983ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் தொடங்கப்பட்ட பின், சோளம் விளைந்த மானாவாரி நிலங்கள் பல தரிசாகக் கிடந்தன. அதே பகுதியில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு சங்கம் அமைத்துக்கொண்ட தலித் பெண்கள், 1990களின் நடுவில் அத்தரிசுகளை உழுது விதைப்பதற்குக் கடன் கொடுத்து, அக்கடனைப் பணமாக அன்றிச் சோளமாகவே திரும்பப் பெற்று, அதை ஊரிலேயே சேமித்து, பஞ்ச மாதங்களில் ஏழைகளுக்கு மலிவு விலையில் வழங்கினார்கள். யார் ஏழை என்பதைத் தாலுகா அலுவலகம் தீர்மானிக்கவில்லை. ஊரார் கூடி உட்கார்ந்து தீர்மானித்தார்கள். நிலமற்றிருந்த பெண்ணுக்கு அறுவடைக் கூலியும், நிலமுள்ளவளுக்குத் தரிசு திருந்தியதும், ஊருக்குத் தானியமும், மாட்டுக்குத் தட்டையும் ஒரே செயலால் கிடைத்தன. களத்துக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள வெளியை ஏழைப் பெண்களே தம் வசமாக்கிக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

செய்யத் தக்கவை

அரசாங்கங்கள் இத்திசையில் அசையாமலில்லை. ஒடிசா மாநிலம் 2017ஆம் ஆண்டில் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் கேழ்வரகைக் கொள்முதல் செய்து ரேஷனிலும் அங்கன்வாடியிலும் வழங்கியது. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் முயற்சி நடைபெற்றது. இவ்விரண்டும் தேர்ந்தெடுத்தது உமி இறுகாத கேழ்வரகையே என்பது கவனிக்கத்தக்கது. அரசாங்கமும் திறந்திருக்கும் வாசல் வழியாகவே நுழைகிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்குத்தான் இடம். சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் பனிவரகுக்கும் இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் வரகுக்கும் சாமைக்கும் தானே ஆதரவு விலை அறிவித்து வாங்கத் தொடங்கியது பின்பற்றத்தக்க வழி. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் விடுதிகளும் வாரத்தில் சில வேளைகளுக்கேனும் கொல்லிமலைச் சாமையைக் கொள்முதல் செய்யுமானால், விளைவிப்பவருக்கு உறுதியான விலையும், மலையிலேயே உமி நீக்கும் நிலையங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலையும், அதே மலையின் குழந்தைகளுக்கு அந்தத் தானியமும் கிட்டும்.

இவற்றோடு நிலத்தின் மேலுள்ள உரிமையும் சேர வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் பட்டாவை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்க வேண்டுமென்று அச்சட்டமே கூறுகிறது. அது முழுமையாக நிறைவேறினால், எதை விதைப்பது என்ற முடிவில் குத்திப் புடைத்துச் சமைப்பவளுக்கும் சொல்லுரிமை ஏற்படும்.

விவசாயக் குடும்பங்களின் க்ஷேமத்துக்கென்று ஒரு திட்டம் வகுக்கப்படும்போது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை விளைந்தது, குடும்பத்துக்கு எத்தனை ரூபாய் வந்தது என்ற இரண்டு கேள்விகளோடு நம் அதிகாரிகள் திருப்தியடைந்துவிடுகிறார்கள். இன்னும் மூன்று கேள்விகளை அவர்கள் கேட்டாக வேண்டும்: அத்திட்டத்தால் பெண்ணின் உழைப்பு நேரம் கூடியதா குறைந்ததா, அடுத்த ஆண்டுக்கான விதை குடும்பத்திடம் இருக்கிறதா கடைக்காரரிடம் இருக்கிறதா, விற்றது போக வீட்டில் எத்தனை மாதத்துக்குத் தானியம் மிஞ்சியிருக்கிறது. இம்மூன்றும் எளிதில் எண்ணக் கூடியவை. ஒரு கிராம சேவகரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கொல்லிமலையில் இக்கேள்விகள் முன்னமே கேட்கப்பட்டிருந்தால், சாமையைக் காப்பாற்றுவதற்கு மரவள்ளியோடு சண்டையிட வேண்டியதில்லை, உரலுக்கு மாற்றுத் தேட வேண்டும் என்பது இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிந்திருக்கும்.